நாலு மணித் தட்டு

அவருக்குக் காது கேட்காது என்றுதான் முதல் வாரம் நான் நினைத்தேன். எதைச் சொன்னாலும் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்வார், தலையை ஆட்டுவார், கடைசியில் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டுவார்.

"எழுதிக் குடுங்கம்மா."

காது நன்றாகத்தான் கேட்டது. மைதானத்துக்கு அந்தக் கோடியில் இரும்புக் கதவு கிறீச்சிட்டால் இங்கே உட்கார்ந்தே, 'கதவுக்கு எண்ணெய்' என்று குறித்து வைக்கிற காது. வாயால் சொல்கிறது மட்டும்தான் அதில் ஏறாது.

நான் அந்தக் கால்பந்து கிளப்பில் சட்டை துவைக்கிற வேலை பார்த்தேன். தூத்துக்குடியில் கப்பல் சரக்கும் உப்பும் வியாபாரம் பண்ணுகிற ஒரு முதலாளி ஆரம்பித்த கிளப். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவர்கள் இல்லை, சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள். ஒரு பழைய மில் மைதானத்தைக் குத்தகைக்கு எடுத்துப் புல் போட்டு, ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டு கட்டியிருந்தார்கள். படிக்கட்டுக்குக் கீழே வரிசையாக அறைகள். உடுப்பு மாற்ற ஒன்று, எனக்கும் இரண்டு வாஷிங் மிஷினுக்கும் ஒன்று, கடைசியில் அவருக்கு ஒன்று. அவர் கதவில் 'தலைமைச் செயல் அலுவலர்' என்று பலகை மாட்டியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். வாசித்தும் அது என்ன வேலை என்று விளங்கவில்லை.

ஆட்டம் சொல்லிக் கொடுக்கக் கோச் இருக்கிறார். காலுக்குக் கட்டுப்போட டாக்டர் இருக்கிறார். புல்லுக்கு ஸ்ரீவைகுண்டத்து அண்ணாச்சி. செலவழிக்க முதலாளி. இவர் பந்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. பிறகு இவருக்கு என்ன வேலை? கோல்கீப்பரிடம் கேட்டேன். அவன் திரேஸ்புரத்துப் பிள்ளை, அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போகிறவர். வாய் மட்டும் அவனுக்குக் கொஞ்சம் நீளம்.

"பேப்பருக்கா? பேப்பர் திங்கிறதுதான் வேலை" என்றான். கிளப்பில் எல்லாரும் அவருக்கு வைத்திருந்த பேரே அதுதான், பேப்பர். "பெரியம்மா, எதிர்த்த டீம்காரன் கோல் அடிக்கணும்னாலும் முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும். இல்லாட்டா நம்மாளு செல்லாதுன்னுருவாரு."

எனக்கு முதன்முதலில் வேண்டியிருந்தது ஒரு குழாய். என் அறைக்கு வந்தது போர் தண்ணீர். உப்பு. அதில் சோப்பு நுரைக்காது. துவைத்துக் காயப்போட்டால் சட்டைகள் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும், மடிப்பில் எல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு இணைப்பு வேண்டும் என்று இவருக்கு முன்னால் இருந்த மேனேஜரிடம் கேட்டிருந்தேன். அவர் தங்கமான மனுஷர். "ஆகட்டும்மா, ஆகட்டும்மா" என்று ஒரு வருஷம் சொன்னார். இவரிடம் சொன்னேன். தாளை நீட்டினார்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்குப் பிறகு உப்பளத்து வேலைக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தந்த கடிதம் ஒன்றே ஒன்றுதான், விடுமுறைக் கடிதம். அந்த அச்சிலேயே வார்த்தேன். அனுப்புநர், பெறுநர், ஐயா. 'எனக்கு உப்புத் தண்ணீர் வருகின்ற காரணத்தினால் நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்று அளிக்கும்படி தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவி' என்று முடித்துப் பேரும் போட்ட பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தை கண்ணில் பட்டது. அறுபது தாண்டின மாணவி. இன்னொரு தாள் கேட்கக் கூச்சப்பட்டு அப்படியே கொண்டுபோனேன்.

அவர் கையில் வாங்கவில்லை. கதவுக்கு வெளியே ஸ்டூலில் ஒரு நீல பிளாஸ்டிக் தட்டு இருந்தது. அதில் போடச் சொன்னார். எந்நேரம் போட்டாலும் நாலு மணிக்குத்தான் எடுப்பார். எடுத்து, முத்திரை குத்தி, பக்கத்தில் மணியையும் நம்பரையும் பேனாவால் எழுதி, அதன் பிறகுதான் வாசிப்பார். என் கடிதத்தை நாலு மணிக்கு எடுத்து வாசித்ததை நான் கொடியில் சாக்ஸ் போட்டுக்கொண்டே பார்த்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"உங்க நம்பர் நாற்பத்தி மூணும்மா" என்றார்.

மூன்றாம் நாள் குழாய் வந்துவிட்டது. ஒரு வருஷம் 'ஆகட்டும்' சொன்ன நல்ல மனுஷரிடம் வராத தண்ணீர், என்னைத் தாளோடு மல்லுக்கட்ட வைத்த இவரிடம் வந்தது. இதுதான் எனக்கு இன்றுவரை எரிச்சல். மனுஷன் ஒன்றுக்கும் உதவாதவர் என்று தள்ளவும் முடியவில்லை.

ஆட்டம் நடக்கிற அன்றைக்கு அவரைப் பார்க்க வேண்டும். மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையில் கிளிப் போட்ட அட்டையோடு நிற்பார். போலீஸ்காரர்கள் வந்தாச்சா, ஆம்புலன்ஸ் வருகிற கதவின் சாவி யார் கையில் இருக்கிறது, நடுவர் அறையில் குடிக்கத் தண்ணீர் வைத்தாச்சா, வந்த டீமின் பஸ் திரும்ப இடம் இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். பின்னால் ஜனம் கூரை பிய்கிற மாதிரி கத்தும், கோல் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு தடவை வந்த டீமின் ஆள் ஒருத்தன் தலையோடு தலை மோதி விழுந்து, அசைவில்லாமல் கிடந்தான். ஆம்புலன்ஸ் உள்ளே வந்து அவனை ஏற்றிக்கொண்டு வெளியே போனதற்கு, என் வாளி ஒன்று நிரம்புகிற நேரம்கூட ஆகவில்லை. பிழைத்துக்கொண்டான். எல்லாரும் டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆம்புலன்ஸ் வருகிற கதவுக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்த வந்தவர்களையெல்லாம் இவர் காலையிலிருந்து விரட்டிக்கொண்டே இருந்ததை யாரும் பேசவில்லை. இவரும் பேசவில்லை. அட்டையில் ஒரு டிக்.

இன்னொரு நாள் இடைவேளை நேரத்தில் துண்டுகளை எடுத்துக்கொண்டு அவர் அறையைக் கடந்து போனேன். முதலாளி போனில் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய குரல் போனில்லாமலே கேட்கும்.

"அந்தப் பத்தாம் நம்பர்காரன் நடந்துல்லா திரியுதான். அவனை உக்கார வையும்னு கோச்சுகிட்ட சொல்லும் தம்பி."

"சரி சார். ரெண்டு வரி எழுதி அனுப்பிருங்க. கையோட கோச்சுகிட்ட குடுத்திருதேன்."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார். எழுதி ஒன்றும் வரவில்லை. பத்தாம் நம்பர்காரன் கடைசிவரை ஆடினான். முதலாளி இப்படி நடுவில் புகுந்தது கோச்சுக்குத் தெரியவே தெரியாது. அதே கோச்தான் மறுநாள், பயிற்சிக்கு மைதானம் எந்தெந்த நாள் என்று இவர் எழுதி ஒட்டியிருந்த தாளைப் பிய்த்துச் சுருட்டி, "இந்த ஆள் இருக்கிற வரைக்கும் இங்கே பந்து உருளாது" என்று இவர் காலடியிலேயே எறிந்தார். இவர் குனிந்து எடுத்தார். மேசை விளிம்பில் வைத்து நீவி நீவிச் சுருக்கத்தை எடுத்து ஃபைலில் போட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. 'நேத்து உம்ம ஆட்டத்துல ஒருத்தரும் கைவைக்காம நான்தான் பாத்துக்கிட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்ல மாட்டார். அடுத்தவர் வாய்க்கு மட்டுமில்லை, தன் வாய்க்கும் அவர் மதிப்புக் கொடுத்ததில்லை.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு நாள் சொன்னார், நான் டீ வைக்கப் போனபோது. நாசரேத்துப் பக்கம் வாத்தியார் வீட்டில் பிறந்தவர், பேச்சு நிதானமாக இருக்கும்.

"முன்னால வேற கிளப்புல இருந்தேம்மா. ஒரு பையனுக்குப் பதிவு முடிஞ்சிட்டு, ஆட விடலாம்னு ஒருத்தர் போன்ல சொன்னாரு. நம்பி இறக்கிட்டேன். பதிவு முடியலை. ஜெயிச்ச ஆட்டத்தைத் தோத்ததா எழுதிட்டாங்க. அது போகட்டும். அந்தப் பையனுக்கு ஒரு வருஷம் தடை. அப்புறம் அவன் ஆடவே வரலை. எங்கயோ கடையில பில் போடுதான்னு கேள்வி. அன்னையிலேருந்து வாயில வர்றதை நான் எடுக்கிறதில்லை."

நான் தலையை ஆட்டினேன். நியாயம்தான். ஆனாலும் ஒருத்தன் வாய் பொய்யாகப் போயிற்று என்று மற்ற எல்லாருடைய வாயையும் தள்ளிவைப்பதா? இதைக் கேட்டிருக்க வேண்டும். நாலு பேர் இருந்தால் எனக்கு வாய் வராது, சரி. அன்றைக்கு அவரும் நானும் மட்டும்தான் இருந்தோம். அப்பவும் வரவில்லை.

அந்த வருஷம் எங்கள் டீம் ஜெயித்து மேல் லீக்குக்குப் போனது. மேலே போனால் மைதானமும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டுமாம். லீக்கிலிருந்து ஆள் வந்து புல், கதவு, விளக்கு, கக்கூஸ் எல்லாம் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் சொந்த ஊரில் ஆட விடுவார்கள். இல்லையென்றால் சீசன் முழுக்க வேறு ஊர் மைதானம். அவர் ஆறு மாதம் அந்த வேலையாகவே கிடந்தார். கேட்டுப் போட்ட கடிதம், வந்த பதில், மறுபடி கேட்டது என்று ஃபைல் தலையணை மாதிரி ஆகிவிட்டது. 'பேப்பருக்கு என்ன வேலை' என்று கேட்டேனே, அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆடுகிறவர்கள் பதினோரு பேர். அந்தப் பதினோரு பேரும் ஒரு இடத்தில் இறங்கி ஆட முடிகிறதே, அதுதான் அவருடைய வேலை.

கோல்கீப்பருக்கு அந்த வருஷம்தான் விடிந்திருந்தது. அதுவரை இரண்டாம் ஆளாக உட்கார்ந்தே இருந்தவன், மூத்த கோல்கீப்பர் வேறு கிளப்புக்குப் போனதும் ஒன்றாம் நம்பர் சட்டை இவனுக்கு வந்தது. ஒரு நாள் காலையில் அவன் அம்மாவைக் கூட்டி வந்தான். மீன் விற்கிற மனுஷி, மூட்டுவலிக்காரி, பஸ்ஸேறி எங்கேயும் போக முடியாது.

"எம்மா, இங்கனதான் நிப்பேன்" என்று வடக்குக் கோலைக் காட்டினான்.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கி, இரண்டு கம்பத்துக்கும் நடுவில் போய் நின்று கையை விரித்துப் பார்த்தாள். "ஏ அய்யா, இம்புட்டு அகலமாலே? ஒருத்தன் எப்படிலே மறிப்பே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். "படிக்கட்டுல முன் வரிசைல உக்காருவேன், ஏளா, நீயும் பக்கத்துல இரி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம்தான் அந்தத் தண்ணீர் வந்தது.

கோடை. புல்லுக்கு வழக்கமாக ஆற்றுத் தண்ணீர் லாரியில் வரும். அந்த மாதம் குடிக்கிற தண்ணீருக்கே பாடாக இருந்ததால் அதை நிறுத்திவிட்டார்கள். மைதானம் பார்க்க ஆள் வர எட்டு நாள்தான் இருந்தது. இவர் அலைந்து திரிந்து போர் தண்ணீர் கொண்டுவருகிற வேறொரு லாரிக்காரரைப் பிடித்தார். ஸ்ரீவைகுண்டத்து அண்ணாச்சி மகள் வளைகாப்புக்கு மூன்று நாள் லீவில் போயிருந்தார், எழுதிக் கொடுத்துவிட்டுத்தான். லாரி உச்சி வெயிலில் வந்தது. டிரைவர் குழாயை வடக்குக் கோல் பக்கம் இழுத்துப் போட்டுத் திறந்துவிட்டான்.

நான் வாளியோடு அந்தப் பக்கமாகத்தான் போனேன். குழாய் இணைப்பில் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. காலில் தெறித்தது. நல்ல தண்ணீர் காலில் பட்டால் ஒரு மாதிரி இருக்கும், உப்புத் தண்ணீர் பட்டால் வேறு மாதிரி இருக்கும். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். கையில் கொஞ்சம் ஏந்தி வெயிலில் காயவிட்டேன். ரேகையெல்லாம் வெள்ளையாக ஓடிற்று. வாயில் வைக்கவே தேவையில்லை. சின்ன வயதிலிருந்து உப்பளத்தில் அந்தத் தண்ணீரில் நின்ற கால் என்னுடையது. வைத்தும் பார்த்தேன். கரித்தது.

"ஏ தம்பி, நிறுத்தும். இது உப்புத் தண்ணி."

"ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காவ. நீங்க யாரு ஆத்தா?" என்றான். சட்டை துவைக்கிறவள் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினேன். லீக் ஆட்களோடு கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருந்தவர் கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

"சார், புல்லுக்கு விடுத தண்ணி உப்பா இருக்கு."

"போர் தண்ணி வழக்கமாவே கொஞ்சம் அப்படித்தாம்மா."

"கொஞ்சம் இல்ல சார். கரிக்கு. புல்லு கருகிரும்."

அவர் உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்து காட்டினார். லாரிக்காரர் கொடுத்த கடிதம். 'நன்னீர்' என்று போட்டு முத்திரையும் குத்தியிருந்தது. அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்தார்.

"எழுத்துல நன்னீர்னு குடுத்திருக்காங்க. நீங்க சொல்லுதது வேற மாதிரி இருக்கு. எழுதிக் குடுங்கம்மா, பாக்கேன்."

கதவு மூடியது. உள்ளே மறுபடி இங்கிலீஷ் பேச்சு.

நான் கையைக் காட்டியிருக்க வேண்டும். 'இந்தா பாரும் சார், வெள்ளை' என்று உள்ளங்கையை விரித்திருக்க வேண்டும். அந்தக் கையால்தான் அவர் தந்த தாளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது. அங்கே தண்ணீர் ஓடுகிறது, இங்கே நான் வாஷிங் மிஷின் மேல் தாளை வைத்து 'அனுப்புநர்' எழுதிக்கொண்டிருக்கிறேன். பெறுநர் எழுதினேன். 'தலைமைச் செயல் அலுவலர்' என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போய் முதல் தாளைக் கிழித்துப் போட்டேன். ஐயா என்று எழுதி, கீழே ஒரு வரி இடம் விட்டேன், பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் விடச் சொல்வார்கள். விஷயத்துக்கு வரவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. 'மைதானத்தில் உப்புத் தண்ணீர் பாய்கின்ற காரணத்தினால் அதை உடனே நிறுத்தும்படி தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' கை பழக்கத்தில் மறுபடியும் கீழ்ப்படிந்த மாணவி. கொண்டுபோய்த் தட்டில் வைத்தேன். கதவு மூடியே இருந்தது. மேலே பேப்பர்வெயிட் வைத்தேன், பறந்துவிடக் கூடாதே என்று. நான் கவலைப்பட்டது அதற்கு.

இரண்டாவது லாரி வந்தது.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. எடுத்தார், முத்திரை குத்தினார், மணி போட்டார், நம்பர் போட்டார், வாசித்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். ஷூவோடு சேற்றில் இறங்கி, டிரைவரைத் தள்ளிவிட்டு வால்வைத் தானே திருகி அடைத்தார். குனிந்து தண்ணீரை அள்ளி வாயில் விட்டார். அப்படியே நின்றார். சட்டைக் கையெல்லாம் நனைந்திருந்தது. நான் கொடிக்குப் பின்னால் நின்றேன்.

மூன்றாம் நாள் வடக்குக் கோலுக்கு முன்னால் புல் பழுத்தது, ஐந்தாம் நாள் துடைப்பக் குச்சியாகிவிட்டது. வளைகாப்பிலிருந்து திரும்பிய அண்ணாச்சி குத்தவைத்து உட்கார்ந்து மண்ணை நகத்தால் கிள்ளி நாக்கில் வைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மைனி, நீங்க இங்கனதான இருந்தீய? சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் அண்ணாச்சி."

"பொறவு?"

"எழுதியும் குடுத்தேன்."

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து போனார். குடிக்கிற தண்ணீர் லாரிக்காரர்கள் காலில் விழாத குறையாக இவர் கேட்டு வாங்கி, இரண்டு நாள் நல்ல தண்ணீரை விட்டு அலசிப் பார்த்தார்கள். மண் குடித்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. எட்டாம் நாள் லீக்கிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கதவு சரி, விளக்கு சரி, கக்கூஸ் சரி, ஃபைலைப் பார்த்துவிட்டு இப்படி ஒரு ஃபைலை எங்குமே பார்த்ததில்லை என்றார்கள். வடக்குக் கோலுக்கு வந்ததும் ஒருத்தர் காலால் தேய்த்தார். புழுதி எழும்பியது. இந்த சீசனுக்கு இங்கே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எழுதியும் கொடுத்தார்கள்.

மறுநாள் முதலாளி வந்தார். கோச், டாக்டர், அண்ணாச்சி எல்லாரும் இவர் அறையில் நின்றார்கள். நான் டீத் தட்டோடு வாசலில் நின்றேன்.

"புல்லுக்காரர் எங்கவே போனீரு? வேலை நேரத்துல வளைகாப்பு என்ன வளைகாப்பு?" என்று முதலாளி அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். "நாளையிலேருந்து வர வேண்டாம்."

அண்ணாச்சி துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அவர் லீவு நான் குடுத்தது சார்" என்று இவர் ஒரு ஃபைலைத் திறந்து வைத்தார். "லாரிக்குக் கையெழுத்தும் நான் போட்டது."

"சரி தம்பி, உப்புத் தண்ணின்னு உமக்கு எப்ப தெரிஞ்சுது?"

அவர் என் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். 'கீழ்ப்படிந்த மாணவி' வந்ததும் கோச் சிரித்துவிட்டார். நான் கிளாஸ்களை எண்ணுகிற மாதிரி தட்டைக் குனிந்து பார்த்தேன்.

"நாலு மணிக்கு வந்திருக்கு. நாலு மணி அஞ்சு நிமிஷத்துக்கு நிறுத்தியிருக்கீரு. அப்ப உம்ம மேல ஒண்ணும் இல்லையே" என்ற முதலாளி, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓரத்துல இது என்ன? உம்ம கையெழுத்துல்லா?"

அதையும் வாசித்தார். 'இதே விஷயத்தை இவர் பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு என்னிடம் நேரில் சொன்னார். நான் எடுத்துக்கொள்ளவில்லை.'

ஒருத்தரும் சிரிக்கவில்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எதுக்குவே எழுதினீரு? யாரு கேட்டா?"

"நடந்தது அதுதான் சார்."

"கிழிச்சிப் போட்டுட்டு வேற வேலையப் பாரும்."

"நம்பர் போட்டாச்சு சார்."

அந்த இடத்தில் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவதா, பிடித்து உலுக்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சிக்கு வேலை போகவில்லை. இவர் சாயங்காலமே ராஜினாமாவை எழுதி, தட்டில் வைத்து, தானே எடுத்து, முத்திரை குத்தி முதலாளிக்கு அனுப்பினார். முதலாளி ஒரு தடவை வேண்டாம் என்றாராம், வாயால்தான்.

சீசன் முழுக்க எங்கள் டீம் வேறு ஊரில் ஆடியது. சட்டைகள் சாக்கில் கட்டி இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் வரும். வேர்வை இறுகிப்போய் இருக்கும். ஒன்றாம் நம்பர் சட்டையில் ஒட்டியிருந்த மண் நம்ம ஊர் மண் இல்லை, கரிசல், தேய்த்தால் பசை மாதிரி கையில் பிடிக்கும். அவன் நன்றாக ஆடினான் என்றார்கள். அவன் அம்மா ஒரு ஆட்டமும் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் அவனை ஒரு வடநாட்டுக் கிளப் வாங்கிக்கொண்டு போய்விட்டது. இப்போது மைதானத்தில் புல் இருக்கிறது. கம்பத்துக்கு நடுவில் நிற்கிறவன் வேறு ஆள்.

அவர் போன அன்றைக்கு மேசையைத் துடைக்க நான்தான் போனேன். இழுப்பறையெல்லாம் காலி. நீலத் தட்டைக் கழுவித் தரச் சொன்னார், அடுத்து வருகிறவருக்கு வேண்டும் என்று. கழுவிக் கொண்டுவந்து வைத்தேன். வைத்துவிட்டு நின்றேன். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஓரத்தில் ஏன் எழுதினீரு, அண்ணாச்சியை ஏன் காப்பாத்தினீரு, அன்னைக்கு என் கையை ஏன் பாக்கல.

அவர் இழுப்பறையைத் திறக்கவில்லை. தாளை நீட்டவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார்.

இரண்டு வருஷத்தில் முதல் தடவை. வெளியே கோச் விசில் ஊதுகிற சத்தம் கேட்டது. அவர் காத்துக்கொண்டே இருந்தார். என் வாய் திறந்தது, வந்தது இதுதான்.

"எழுதிக் குடுக்கேன் சார்."

வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சிரித்தாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுக்கவும் இல்லை. எந்த ஊருக்கு, யார் பேருக்கு?

சொல்லுங்கம்மா. ஒரே ஒரு வார்த்தை. சொல்லத் தெரிந்த மனுஷன்தானே? அதை அன்றைக்கு ஒன்று நாற்பதுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா?